மாட்டுக்கொட்டகை தின்ற டேட்டா

எங்கள் தோட்டத்து வீட்டுக்கு ஃபைபர் வரவில்லை. சிம் போட்ட ரவுட்டர்தான். மாதத்துக்கு என்று வாங்கிய 100 ஜிபி பத்தாம் தேதிக்குள் காலி. அப்புறம் டாப்-அப் மேல் டாப்-அப். பழியெல்லாம் மகனின் கேம் மேல்.

போன ஞாயிற்றுக்கிழமை சிம் ரவுட்டருக்குப் பின்னால் பழைய ரவுட்டர் ஒன்றை மாட்டி, அதில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற, ரவுட்டர்களுக்கான இலவச இயங்குதளத்தை ஏற்றி, என்எல்பிடபிள்யூமான் என்ற சின்ன நிரலையும் போட்டேன் (பெயரை வாய்விட்டுச் சொல்ல முயலாதீர்கள்). எந்தக் கருவி எவ்வளவு இழுத்தது என்று தனித்தனியாகக் கணக்கு வைக்கும்.

மூன்று நாள் கழித்துப் பார்த்தால், பையன் நிரபராதி! முதலிடம் மாட்டுக்கொட்டகை கேமராவுக்கு. டவுன்லோடு சொற்பம், அப்லோடுதான் மலை. யாரும் பார்க்காதபோதும் படத்தை கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. நொடிக்கு 1 மெகாபிட் என்றாலே மணிக்கு 450 எம்பி, நாளுக்கு 10 ஜிபிக்கு மேல். ஏற்றுவதற்கும் காசு என்பது அன்றுதான் உறைத்தது.

இப்போது கேமரா மெமரி கார்டில் பதிகிறது. மடிக்கணினியில் அந்த வைஃபையை 'மீட்டர்டு' (அளவு பார்த்துச் செலவழிக்க வேண்டிய இணைப்பு) என்று குறித்ததில் விண்டோஸ் அப்டேட்டும் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

மகனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் புது கன்ட்ரோலர் கேட்பான்.