ஆறு மணிக் கீரையும் பதினோரு மணிக் கீரையும்

எங்கள் வீட்டுக்குக் காய்கறி மூன்று வழிகளில் வருகிறது: மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை, தெருவில் வரும் தள்ளுவண்டி, சோம்பல் நாட்களில் குளிரூட்டிய பெரிய கடை. சந்தைக் காயில்தான் சத்து என்பது அம்மாவின் கட்சி. தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று இங்கேதான் திறக்கப்பட்டது என்பதால், இப்பகுதிக்காரர்களுக்கு அதன்மீது கொஞ்சம் பெருமையும் உண்டு.

என் கணக்கு வேறு. இரும்பு, சுண்ணாம்பு போன்ற தாதுக்கள் காய் எந்தக் கடையில் கிடந்தாலும் குறைவதில்லை. வைட்டமின் சி-தான் நேரத்துக்கும் வெயிலுக்கும் பலியாகிறது. பறித்த பின்னும் கீரை சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. சூடு ஏற ஏற அந்தச் சுவாசம் வேகமெடுத்து, இலை வாடுவதோடு வைட்டமினும் சிதைகிறது. காலை ஆறு மணிக்குச் சந்தையில் ஈரச்சாக்கின்மேல் அடுக்கியிருக்கும் அரைக்கீரையின் தண்டை வளைத்தால் 'டக்'கென்று ஒடியும். பதினோரு மணிக்குத் தள்ளுவண்டியில் வரும் கட்டு, தெளித்த தண்ணீரால் பளபளப்பாகத் தெரிந்தாலும், தண்டு ஒடியாமல் வளைந்து கொடுக்கும். தண்ணீர் இலையை நிமிர்த்துமே தவிர, போன வைட்டமினைத் திருப்பித் தராது.

கேரட் விஷயத்தில் இந்த வாக்குவாதத்துக்கே இடமில்லை. மதுரை வெயிலில் அது விளைவதில்லை. எந்தக் கடைக்கும் மலையிலிருந்து லாரியில்தான் வந்தாக வேண்டும். பெரிய கடையின் குளிர்ச்சி கீரைக்கு உண்மையிலேயே நல்லது, ஆனால் இறுக மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் அடிக்கட்டு கொழகொழத்துப் போனதை ஒரு முறை வீட்டுக்கு வந்தபின்தான் பார்த்தேன். அங்கே விளக்கொளியில் நாள்கணக்காகக் கிடந்து பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கையும் நான் தொடுவதில்லை. அந்தப் பச்சையோடு சொலனின் என்னும் நச்சும் கூடியிருக்கலாம். அதே கடையின் உறைந்த பட்டாணியைப் பற்றி எனக்குக் குறையில்லை. பறித்த சில மணி நேரத்தில் வெந்நீரில் காட்டி உறையவைப்பதால் சிறிது வைட்டமின் போனாலும் மிச்சம் நிற்கிறது. பல நாள் பயணம் செய்து வரும் தோலுரிக்காத பட்டாணியில் அது வழிநெடுகக் குறைந்துகொண்டே வருகிறது.

இத்தனையும் சொல்லி முடித்தபோது, அம்மா கீரையைப் பொடியாக நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். வைட்டமின் சி தண்ணீரில் கரையும், நறுக்கும் முன்பே அலசிவிடலாமே என்றேன். "அப்படின்னா மண்ணு போக நீயே அலசிக் குடு" என்றார். இப்போது முழுக்கட்டை மூன்று தண்ணீரில் அலசும் வேலை என்னுடையது.