ஒரே நாளில் பிறந்தவர்களை ஒரே நாளில் கேட்பது: எட்டு மாதக் குறிப்புகள்

போன செப்டம்பர் 16, எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்தநாள். 1916இல் மதுரையில் பிறந்தவர். காலையிலிருந்தே வீட்டில் அவர் குரல்தான். சாயங்காலம் வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தபோது, நாடியா பூலான்ஜேயும் அதே செப்டம்பர் 16தான் என்பது கண்ணில் பட்டது. பாரிஸில் 1887இல் பிறந்த இசை ஆசிரியை. இசையமைப்பாளர்கள் ஆரன் கோப்லாண்ட், ஆஸ்தோர் பியாசோலா, பிலிப் கிளாஸ் எல்லோரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். அவருடைய அப்பா எர்னஸ்ட் பூலான்ஜே பிறந்ததும் செப்டம்பர் 16, வருடம் 1815. அப்பாவின் 72ஆவது பிறந்தநாளில் மகள் பிறந்திருக்கிறாள்!

அன்றிரவு, பூலான்ஜேயும் அவருடைய மாணவர் டினு லிப்பாட்டியும் 1937இல் பியானோவில் நான்கு கைகளால் சேர்ந்து வாசித்த, பிராம்ஸ் எழுதிய வால்ட்ஸ்களை (ஒரு வகை நடன இசை) கேட்டேன். பகல் முழுக்க ஒரே குரலைப் பின்தொடர்ந்த காது, அந்தச் சின்னச் சின்ன வால்ட்ஸ்களிலும் மேலே போகும் ஒரு குரலைத் தேடிப் பிடித்தது. முன்பும் கேட்டவைதான், ஆனால் இப்படிக் கேட்டதில்லை. மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன்.

விதிகள் எளிமையானவை. ஒரே தேதியில் பிறந்த இருவர். அந்தத் தேதி வரும்போது ஆளுக்கு ஒரு படைப்பு, குறைந்தது இரண்டு தடவை. கேட்டு முடித்த அன்றே எழுத வேண்டும், மறுநாளைக்குத் தள்ளக் கூடாது.

நவம்பர் 22 சுலபமாக அமைந்தது. இங்கிலாந்தின் பெஞ்சமின் பிரிட்டன் (1913), ஸ்பெயினின் ஹோவாகின் ரோத்ரிகோ (1901) இருவருக்கும் அன்று பிறந்தநாள். போதாக்குறைக்கு அது இசையின் காவல் புனிதரான செசிலியாவின் திருநாளும்கூட. ரோத்ரிகோவின் ‘அரன்ஹுவேஸ்’ கிதார் கான்செர்ட்டோவை (ஒரு தனிக் கருவியும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிப்பது) எல்லோரும் கேட்டிருப்பார்கள். மூன்று வயதில் பார்வையை இழந்து, பிரெய்லில் இசை எழுதியவர். இருவரையும் கேட்டேன், பிடித்தது. அதற்குமேல் எழுத எதுவும் தோன்றவில்லை.

டிசம்பர் 10 அப்படி இல்லை. அன்று பிறந்தவர்கள் சேசர் ஃபிராங்க் (1822), ஒலிவியே மெசியான் (1908). இருவரும் பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் என்ற பெரிய குழாய்க் கருவியை வாசித்தவர்கள். ஃபிராங்க் செயின்ட் குளோடில்டில், மெசியான் டிரினிட்டேயில். மெசியான் 1931இல் அங்கே சேர்ந்து 1992இல் இறக்கும்வரை இருந்தார். இரண்டு ஆர்கன்களையும் கட்டியது ஒரே கைவினைஞர், கவாயே-கோல். முதலில் ஃபிராங்க் 1890இல், தன் கடைசி வருடத்தில் எழுதிய மூன்று கோரல்கள் (தேவாலயப் பாடல் பாணியிலான ஆர்கன் இசை). பிறகு மெசியான். ஆர்கன் இசையே போடலாம் என்று இருந்தவன், கடைசி நேரத்தில் ‘காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை’க்கு மாறினேன். ஜெர்மானியர்களின் கைதி முகாமில் இருந்தபோது எழுதி, 1941 ஜனவரி 15 அன்று அந்த முகாமிலேயே சக கைதிகளோடு வாசித்தது.

மாறியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் ‘சங்கீத ரத்னாகர’த்தில் பட்டியலிட்ட 120 தேசி தாளங்களை மெசியான் ஆழ்ந்து படித்தவர். இதன் முதல் பகுதியில் பியானோவின் தாளக்கட்டு ராகவர்தனம், சந்திரகலா, லட்சுமீசம் என்ற மூன்று தாளங்களைக் கோத்துச் செய்தது. மொத்தம் 17 கால அளவுகள். அதன்மேல் 29 ஸ்வரக்கூட்டுகள் (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிப்பவை) வரிசையாகச் சுற்றி வருகின்றன. நம் தாளம்தானே, போட்டுப் பார்த்துவிடலாம் என்று தொடையில் தட்ட ஆரம்பித்தேன். பிடிபடவில்லை. ஆதி தாளத்தில் சமம், அதாவது சுற்றின் முதல் தட்டு, வந்து விழுவது போல இதில் எதுவும் வந்து விழாது. கீபோர்டு கற்றுக்கொள்ளும் அக்கா மகள் கூட உட்கார்ந்திருந்தாள். “மாமா, இது திரும்பி வரவே மாட்டேங்குதே” என்றாள். நோட்டில் போட்டுப் பார்த்தோம். 17, 29 இரண்டும் பகா எண்கள். தாளமும் ஸ்வரக்கூட்டும் தொடங்கிய இடத்தில் மறுபடி சந்திக்க 493 ஒலிகள் ஆக வேண்டும். அதற்கு வெகு முன்பே அந்தப் பகுதி முடிந்துவிடுகிறது. அவள் சொன்னது சரிதான். அன்று அந்த ஒரு பகுதியை மட்டும் ஆறு தடவை கேட்டோம். ஆறாவது தடவை 17ஐ அவள் விடாமல் எண்ணிவிட்டாள்.

மார்ச்சில் ஒரு தவறு. நோட்டில் ‘மார்ச் 21: பாக், முசோர்க்ஸ்கி’ என்று ஜோடி போட்டு, கேட்டும் முடித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து முசோர்க்ஸ்கியின் தேதியைச் சரிபார்த்தால், ரஷ்யாவில் அவர் பிறந்த அன்று காலண்டர் காட்டியது மார்ச் 9, 1839. பழைய ஜூலியன் காலண்டர். அதோடு 12 நாள் கூட்டித்தான் மார்ச் 21. பாக்கின் மார்ச் 21, 1685 கதையே வேறு. அவர் பிறந்த ஐசனாக் ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் பகுதி. அங்கே புதிய கிரெகோரியன் காலண்டர் வந்தது 1700இல்தான். ஆகவே பாக்கின் 21 பழைய கணக்கு, முசோர்க்ஸ்கியின் 21 புதிய கணக்கு. இரண்டு வேறு அளவுகோல்களில் அளந்துவிட்டு நீளம் ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறேன். 17ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 10 நாள். பாக்கைப் புதிய கணக்குக்குக் கொண்டுவந்தால் மார்ச் 31.

அன்றைக்கு யார்? ஜோசப் ஹைடன். 1732, ஆஸ்திரியாவின் ரோராவ் கிராமம். கத்தோலிக்க நாடு என்பதால் அங்கே அப்போதே புதிய காலண்டர்தான்.

முசோர்க்ஸ்கி பக்கத்தை அடித்துவிட்டு, 31ஆம் தேதி பாக்கின் 1722ஆம் வருடத் தொகுப்பிலிருந்து சில ஃபியூக்குகளையும் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்), ஹைடன் 1772இல் எழுதிய ஓபஸ் 20 (படைப்பு எண் 20) நால்வர் இசைத் தொகுப்பில் ஃபியூக்கில் முடியும் மூன்றையும் கேட்டேன். பாக்கில் ஒரே ஆள் நான்கு குரலையும் மனதில் வைத்து வாசிப்பது போல இருக்கும். ஹைடனில் நான்கு பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுகிறார்கள். 5ஆம் எண்ணின் கடைசி ஃபியூக்கை இந்த வருடத்தின் பெரிய லாபம் என்றே எழுதி வைத்திருக்கிறேன்.

மறுநாள் ஏப்ரல் 1, புசோனி (1866), ராக்மனினாஃப் (1873). இருவரும் பெரிய பியானோ கலைஞர்கள், இருவரும் பாக்கின் தனி வயலின் இசையைப் பியானோவுக்கு மாற்றியவர்கள். புசோனி எடுத்துக்கொண்டது டி மைனர் சாக்கோன், ராக்மனினாஃப் எடுத்துக்கொண்டது ஈ மேஜர் பார்டிட்டா. முந்தின நாள் பாக் காதில் இருக்கும்போதே இவை வந்தது அமைந்துபோன விஷயம். புசோனி ஒரு வயலினைக் கோபுரமாக எழுப்புகிறார். ராக்மனினாஃபோ வயலின் சொல்லாமல் விட்ட உள்குரல்களை மெல்ல எழுதிச் சேர்க்கிறார். என் மனம் ராக்மனினாஃப் பக்கம்தான்.

அந்த முசோர்க்ஸ்கி தவறுக்குப் பிறகு, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ‘எந்தக் காலண்டர்?’ என்று ஒரு பத்தி சேர்த்தேன். மே 7க்கு அதுதான் உதவியது. பிராம்ஸ் 1833, ஹாம்பர்க். சாய்கோவ்ஸ்கி 1840, ரஷ்யாவின் வோட்கின்ஸ்க், பழைய கணக்கில் ஏப்ரல் 25. ரஷ்யக் காலண்டர் ஏப்ரல் 25 காட்டிய அதே காலையில் வியன்னாவின் காலண்டர் மே 7 காட்டியது. ஆக, இருவரும் உயிரோடு இருந்தவரை வெவ்வேறு தேதியில், ஆனால் ஒரே சூரியோதயத்தில் பிறந்தநாள் கொண்டாடியிருக்கிறார்கள்.

கேட்டவை இருவரின் வயலின் கான்செர்ட்டோக்கள். இரண்டும் டி மேஜர். இரண்டும் 1878இல், இரண்டும் ஏரிக்கரையில் எழுதியவை: பிராம்ஸ் ஆஸ்திரியாவின் பெர்ச்சாக்கில், சாய்கோவ்ஸ்கி ஜெனீவா ஏரிக்கரையின் கிளாரனில். சாய்கோவ்ஸ்கியின் கான்செர்ட்டோவை 1881இல் வியன்னாவில் முதன்முதலில் வாசித்தவர் அடால்ஃப் பிராட்ஸ்கி. அவருடைய லைப்சிக் வீட்டில்தான், 1888 ஜனவரி 1 அன்று இருவரும் முதல்முறை சந்தித்தார்கள். பிராம்ஸின் இசை சாய்கோவ்ஸ்கிக்குப் பிடிக்காது, ஆனால் ஆளைப் பிடித்துவிட்டது. அடுத்த வருடம் ஹாம்பர்க்கில், சாய்கோவ்ஸ்கியின் ஐந்தாவது சிம்ஃபனி ஒத்திகையைக் கேட்பதற்காகவே பிராம்ஸ் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினார். கேட்டுவிட்டு, கடைசிப் பகுதி தவிர மற்றது பிடித்தது என்று நேரிலேயே சொன்னார். அந்த ஒரு நாள் தங்கலை நினைத்தபடியே அன்று ஐந்தாவது சிம்ஃபனியையும் போட்டேன். விதிப்படி அது கணக்கில் வராது, பரவாயில்லை.

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். “தேதியை விடுடா, நட்சத்திரம் என்னன்னு பார்த்தியா?” என்றார் ஒரு நாள். சரி என்று திருவாரூர் மும்மூர்த்திகளை எடுத்தேன். சியாமா சாஸ்திரி சித்திரை மாதக் கார்த்திகை, முத்துசுவாமி தீட்சிதர் பங்குனி மாதக் கார்த்திகை என்பது வழிவழியாகச் சொல்லி வருவது. ஒரே நட்சத்திரம்! சாஸ்திரிக்கு வைத்த பெயர் வேங்கட சுப்பிரமணியன், தீட்சிதருக்கு முத்துசுவாமி, இரண்டும் முருகன் பெயர். தீட்சிதர் பிறந்தது 1775 மார்ச் 24 என்று பல இடங்களில் இருக்கிறது. ஆனால் அவர் பிறந்தது மன்மத வருடம். அது 1775 சித்திரையில்தான் தொடங்குகிறது, அதன் பங்குனி வருவது 1776 மார்ச்சில். அமாவாசையிலிருந்து நாள் எண்ணிப் பார்த்தேன். 1775 மார்ச் 24 தேய்பிறை, சந்திரன் கார்த்திகைக்குப் பக்கத்திலேயே இல்லை. 1776 மார்ச் 24 அன்று வளர்பிறை, சரியாகக் கார்த்திகையில் இருக்கிறது. அம்மாவிடம் காட்டியதும், “அதான் சொன்னேனே” என்று நோட்டை வாங்கிப் பார்த்தார்.

ஆக, அடுத்த பங்குனிக் கார்த்திகையில் தீட்சிதர், 27 நாள் கழித்து வரும் சித்திரைக் கார்த்திகையில் சாஸ்திரி என்று குறித்திருக்கிறேன்.

அதற்கு முன் ஜூன் 17. கூனோ (1818), ஸ்ட்ராவின்ஸ்கி (1882, பழைய கணக்கில் ஜூன் 5). 20ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 13 நாளாகிவிட்டதால் ஸ்ட்ராவின்ஸ்கி தன் பிறந்தநாளை 18இல் கொண்டாடினார். பிறந்த வருடத்துக் கணக்குப்படி நான் 17இல்தான் கேட்கப்போகிறேன். கூனோ ஒன்பது காற்றுக் கருவிகளுக்கு எழுதிய சின்ன சிம்ஃபனியும், ஸ்ட்ராவின்ஸ்கி எட்டுக் காற்றுக் கருவிகளுக்கு எழுதிய ஆக்டெட்டும் எடுத்து வைத்தாயிற்று. அக்கா மகளும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.