கொறங்காட்டுக்கு எந்தக் கோழி?

05.01.2025
காங்கயத்துக்குத் தெற்கே எங்களுக்குள்ள நான்கு ஏக்கர் கொறங்காட்டில், அதாவது உயிர்வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலத்தில், கோழிகளை மேய விடுவதென்று முடிவாகிவிட்டது, இனம்தான் முடிவாகவில்லை. கொழுக்கட்டைப் புல்லின் விதை, சாணத்தடிப் புழு, கரையான் என்று தீனிக்குக் குறைவில்லை. வெள்வேல மரங்களும் கிளுவை வேலியும் நிழலும் மறைவும் தரும். ஆனால் அந்த வேலிக்குள்ளேயே கீரியும் இருக்கிறது.

12.01.2025
ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட வனராஜா என்னும் கோழியினம் வீட்டுப் புறக்கடையிலேயே ஆண்டுக்கு நூறு முட்டைக்கு மேல் இடும் என்பது மனத்தை இழுக்கிறது. எனினும் அது அடைக்கு உட்காராது. குஞ்சுகளை முதல் சில வாரங்கள் விளக்குச் சூட்டில் நாமே வளர்க்க வேண்டும். 2018இல் புவிசார் குறியீடு பெற்ற மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத் என்னும் கருங்கோழி வெயிலைத் தாங்கும் என்றாலும் அதையும் அடைக்கு நம்ப முடியாது. பெருவிடை என்னும் பெரிய நாட்டுக்கோழி இனத்தின் சேவல்களை ஒன்றாக விட்டால் சண்டை ஓயாது.

19.01.2025
பக்கத்துத் தோட்டத்து அம்மாயி வளர்க்கும் சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழிகளைக் காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய சாக்கும் காய்ந்த சாணமும் திணித்து, நீர் தெளித்து, முந்தைய நாள் மாலையில் கவிழ்த்து வைத்திருந்த பானையை அவர் நிமிர்த்தியதும், தாய்க்கோழி அதில் சேர்ந்திருந்த கரையானைக் கொத்திக் கீழே போட்டுக் குஞ்சுகளைக் குரல் கொடுத்து அழைத்தது. சற்று நேரத்தில் வல்லூறு ஒன்றின் நிழல் தரையில் ஓட, தாயின் குரல் மாறிய கணத்திலேயே ஒன்பது குஞ்சுகளும் புதருக்குள் மறைந்துவிட்டன. “எதைத் தின்கிறது, எதற்குப் பயப்படுகிறது என்று தாய்தானே கண்ணு சொல்லித் தர வேண்டும்?” என்றார் அம்மாயி. விளக்கடியில் வளர்ந்த குஞ்சுக்கு இதைக் கற்றுத்தர யார் இருக்கிறார்கள்? இருபத்தொரு நாள் அடைகாத்து, பிறகு வாரக்கணக்கில் குஞ்சுகளோடு திரிவதால்தான் சிறுவிடையின் முட்டை எண்ணிக்கை குறைகிறது. அதை நான் நட்டமாகக் கருதவில்லை. சிறுவிடையையே வாங்குகிறேன்.

02.02.2025
எட்டுப் பெட்டைகளும் ஒரு சேவலும் வந்துவிட்டன. வெள்ளை நிறம் பருந்தின் கண்ணுக்கு எளிதில் படும் என்பதால் பழுப்பும் கருப்புமாகவே தேர்ந்தெடுத்தேன். வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழித் தொற்றுநோய்ப் பயத்தால் சந்தையில் வாங்கவில்லை. தடுப்பூசி போட்டு வளர்த்த வீடுகளில்தான் வாங்கினேன். மூன்று வாரம் தனியே அடைத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

23.02.2025
இன்று திறந்துவிட்டேன். அந்தி சாய்ந்ததும் ஆறு பெட்டைகள் சேவலோடு கூண்டுக்குத் திரும்பின. மற்ற இரண்டும் வெள்வேல மரத்தில் ஏறிக்கொண்டன. ஏணி வைத்து இறக்கிக் கூண்டில் அடைத்திருக்கிறேன்.