கதவில் வந்த கலியாணச் சாப்பாடு

எங்கள் சித்திர சேரிடம் ஒரு பழைய கலண்டர் தாள் இருந்தது, ஓரமெல்லாம் மடிந்து, நடுவில் பசைக் கறையோடு. தரம் 9இல் ஒருநாள் அதைக் கரும்பலகையில் ஒட்டிவிட்டு, "சாப்பாடு எதிலை வருது எண்டு பாருங்கோ" என்றார். அவ்வளவுதான், கதிரையில் இருந்துவிட்டார். தட்டு என்றோம், பலகை என்றோம். கடைசியில் பின்வாங்கிலிருந்து ஒருத்தன், "கதவு சேர்!" என்று கத்தினான்.

கழற்றிய கதவேதான். அதில் கஞ்சிக் கிண்ணங்களை வைத்து இரண்டு பேர் தூக்கி வருகிறார்கள், ஒருவரின் தொப்பியில் மரக்கரண்டி செருகியிருக்கிறது. பிரசல்ஸில் வாழ்ந்த பீட்டர் புரூகல் 1567 அளவில் வரைந்த கிராமத்துக் கலியாணம் அது.

போன மாரியில் வியன்னா போனபோது அசல் ஓவியத்தைப் பார்த்தேன். 164 சென்ரிமீற்றர் அகலப் பலகை. முன்னால் நிலத்தில் ஒரு குழந்தை கிண்ணத்தை வழித்து விரலைச் சூப்புகிறது, கண்ணை மறைக்கும் பெரிய சிவப்புத் தொப்பி, அதில் ஒரு மயிலிறகு! கலண்டரில் அந்த இடம் வெறும் சிவப்புப் புள்ளி. பைக்குழல் ஊதுகிறவர்களில் ஒருவர் ஊதுவதை விட்டுவிட்டுக் கிண்ணங்களையே பார்க்கிறார், எவ்வளவு நேரமாய்ப் பசியோடு நிற்கிறாரோ. மணப்பெண் மட்டும் பச்சைத் துணிக்கு முன்னால் கை கோத்து, ஒன்றும் சாப்பிடாமல் இருக்கிறாள். மாப்பிள்ளை யார் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பின்னால் சுவர் போலத் தெரிவது அடுக்கிய வைக்கோல், அறுவடை முடிந்த களஞ்சியத்தில்தான் கலியாணம் நடக்கிறது.

நாட்டுப்புறத்தாரைப் பழிக்கத்தான் இப்படி வரைந்தார் என்று சிலர் எழுதுகிறார்கள், என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. புரூகலும் அவரது வியாபாரி நண்பர் ஹான்ஸ் பிராங்கர்ட்டும் விவசாயிகள் போல உடுத்திக்கொண்டு, கையில் பரிசோடு, பெண் வீட்டுச் சொந்தம் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்று சொல்லிக் கலியாணங்களுக்குப் போவார்களாம், ஓவியர்களின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த கரெல் வான் மாண்டர் 1604இல் எழுதியிருக்கிறார். அது முழுக்க உண்மையோ இல்லையோ, பந்தியில் பக்கத்தில் இருந்து பார்த்த கண் இந்தப் படத்தில் தெரிகிறது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ரூபன்ஸ் என்ற ஓவியர் வரைந்த கெர்மிஸ், அதாவது ஊர்த் தேவாலயத் திருவிழா, இருக்கிறது. ஆட்டமும் குடியுமாய் ஒரே சுழல், பிரமாதம்தான், ஆனால் அதில் ஒரு முகமும் என் மனதில் நிற்கவில்லை.

சேர் காலமாகிவிட்டார். அந்தக் கலண்டர் தாள் எங்கள் வகுப்பில் யாரிடமாவது இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, பசைக் கறையோடு.