டெஸ்ட் பாஸ், பேஜ் லீக்: கர்னல் மெமரி பேட்ச் ஒன்றை ரிவ்யூ செய்த அனுபவம்

ஒரு வழியாக, ஒரு டெவலப்பர் அனுப்பிய அந்தப் பேட்ச் (கோடு மாற்றம்) தொகுப்பு முடிந்தது. ஐந்து பேட்ச்கள். நான்கு உள்ளே போய்விட்டன, ஒன்று வாசலிலேயே நிற்கிறது. லினக்ஸ் கர்னலின் (இயங்குதளத்தின் மையக் கோடு) மெமரி பகுதிக்கு வரும் மாற்றங்களைப் பார்ப்பது எனக்குப் புதிதில்லை. ஆனாலும் இந்த அளவுக்கு அலைக்கழித்த தொகுப்பு வேறு இல்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் சில இடங்களில் நேரத்தை மிச்சம் பிடிக்கலாம்.

கர்னல் மெமரியைப் பேஜ் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கும். புரோகிராம் ஒரு புது முகவரியைத் தொட்டால், அங்கே இன்னும் பேஜ் இல்லை என்ற பேஜ் ஃபால்ட் வரும். கர்னல் ஒரு பேஜை எடுத்து, பூஜ்யத்தால் நிரப்பி, பேஜ் டேபிளில் (எந்த முகவரிக்கு எந்தப் பேஜ் என்ற பட்டியல்) மாட்டும். தொட்ட பேஜோடு அக்கம்பக்கத்துப் பேஜ்களையும் அதே ஃபால்ட்டில் மாட்டிவிட்டால் அடுத்தடுத்த ஃபால்ட்டுகள் மிச்சம் என்பதுதான் தொகுப்பின் யோசனை. பல பேஜ்களை ஒன்றாகச் சேர்த்த பெரிய ஃபோலியோவாக மாட்டும் வசதி கர்னல் 6.8-லேயே வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். அதற்குத் தொடர்ச்சியான இடம் கிடைக்க வேண்டும். மெமரி துண்டு துண்டாகிக் கிடக்கும் சர்வரில் அது கிடைக்காதபோது தனித்தனிப் பேஜ்களையே கொத்தாக மாட்டலாம் என்கிறார் பேட்ச்சை எழுதியவர். யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் இரண்டு பேட்ச்களும் வெறும் சுத்தப்படுத்தல். ஒரே மூச்சில் படித்து, பார்த்தேன், சரி என்று சொல்லும் ரிவ்யூட்-பை வரியைக் கொடுத்துவிட்டேன்.

முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்களே, அந்தக் கோணல் பேஸ் கமிட்டில், அதாவது பேட்ச் எழுதத் தொடங்கிய புள்ளியில், இருந்தது. எந்த மரத்தின் (கோடின் எந்தப் பிரதியின்) மேல் இதை எழுதினார் என்று ஒரு வரிகூட இல்லை. மெமரி பேட்ச்கள் முதலில் போய்ச் சேருவது ஆண்ட்ரூ மார்ட்டன் பராமரிக்கும் எம்எம்-அன்ஸ்டேபிள் கிளையில். அங்கே போட்டுப் பார்த்தேன், மூன்றாவது பேட்ச் ஒட்டவில்லை. லினஸ் டோர்வால்ட்ஸின் முதன்மை மரத்தின் கடைசி ஆர்சி-யிலும் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) ஒட்டவில்லை. அதற்கு முந்தைய வெளியீட்டிலும் அதே கதை. ஒரு மாலை நேரம் முழுக்க இதிலேயே போயிற்று. கடைசியில் எழுதிக் கேட்டால், எங்கள் நிறுவனத்தின் உள்மரம், அடிப்படை 6.1 என்று பதில் வருகிறது. கிட் ஃபார்மட்-பேட்ச் கொடுக்கும்போது பேஸ்=ஆட்டோ என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் பேஸ் கமிட் தானாகவே கடைசியில் வந்திருக்கும்.

மாலை வீணானதைக்கூட விட்டுவிடலாம். 6.1 என்று தெரிந்ததும் அடிவயிறு கலங்கியதற்குக் காரணம் வேறு. அந்தக் காலத்தில் ஃபால்ட் வந்தால் முழு முகவரி வெளிக்குமான எம்மேப்_லாக் என்ற பூட்டை, படிப்பவர்கள் பலர் சேர்ந்து பிடிக்கக்கூடிய விதத்தில், பிடித்தாக வேண்டும். 6.4-இல் விஎம்ஏ (முகவரி வெளியின் ஒரு பகுதி) ஒவ்வொன்றுக்கும் தனி லாக் வந்தது. பல ஃபால்ட்டுகள் இப்போது எம்மேப்_லாக்கைத் தொடாமலே முடிந்துவிடும். 6.5-இல் இன்னொன்று மாறியது. பேஜ் டேபிளின் ஒரு பதிவை (பிடிஇ) லாக்கோடு எடுத்துத் தரும் பிடிஇ_ஆஃப்செட்_மேப்_லாக் அதுவரை தோற்காது. அதற்குப் பிறகு நல் (வெற்று முகவரி) திருப்பித் தரலாம், ஏனென்றால் கீழே இருந்த பேஜ் டேபிளையே வேறொருவர் எடுத்துவிட்டிருக்கலாம். இவர் கோடில் அந்த நல் சோதனை இல்லை. 6.1-இல் தேவைப்படவில்லை, எழுதவில்லை. பேட்ச்சைப் புதிய மரத்துக்கு நகர்த்தும்போது கம்பைலர் இதைப் பற்றி மூச்சுவிடாது. அதனால் கோடைப் படிப்பதற்கு முன்பே அது எந்த வெளியீட்டை நினைத்து எழுதப்பட்டது என்று கேட்டுவிடுங்கள். எந்த லாக் எதைக் காக்கிறது என்பதே வெளியீட்டுக்கு வெளியீடு மாறுகிறது.

இனி அந்த மூன்றாவது பேட்ச். பேஜ் டேபிள் லாக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஃபார் லூப். அக்கம்பக்கத்துப் பிடிஇ ஒவ்வொன்றையும் பார்த்து, காலியாக இருந்தால் அங்கேயே ஒரு பேஜ் அலோகேட் செய்கிறார், அதுவும் சாதாரண யூசர் பேஜுக்கான கொடிகளோடு (பேஜை எப்படி எடுக்கலாம் என்று சொல்லும் குறிகள்). அந்த லாக் ஒரு ஸ்பின்லாக், அதற்குக் காத்திருப்பவர் சுற்றிக்கொண்டே இருப்பார். அதைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது. இந்தக் கொடிகளோ, மெமரி குறைந்தால் தூங்கி, மீட்டெடுத்து, பிறகு கொண்டுவந்து கொடு என்று சொல்பவை. இந்தத் தவறைப் பிடிக்கும் கான்ஃபிக்_டீபக்_அட்டாமிக்_ஸ்லீப்பை ஆன் செய்து கர்னலைக் கட்டினேன். பூட் முடிவதற்குள் எச்சரிக்கை கொட்டியது. அந்த நேரத்தில் உண்மையிலேயே தூங்க வேண்டும் என்பதில்லை, தூங்கக்கூடிய அழைப்பு என்றாலே அது கத்தும். அவர் ஏன் இதைப் பார்க்கவில்லை? வேகம் அளப்பதற்காக டீபக் விருப்பங்கள் அத்தனையையும் அணைத்திருக்கிறார். வேகத்துக்கு ஒரு கர்னல், சரிபார்ப்புக்கு ஒரு கர்னல் என்று இரண்டு கட்ட வேண்டும். இரண்டாவதில் அட்டாமிக் ஸ்லீப், லாக்டெப், கேசான், டீபக்_விஎம் என்ற பிழை பிடிக்கும் விருப்பங்கள் நான்கும் இருந்தே ஆக வேண்டும்.

இரண்டாம் பதிப்பு சீக்கிரமே வந்தது. கொடியை ஜிஎஃப்பி_அட்டாமிக் ஆக்கியிருந்தார். எச்சரிக்கை நின்றுவிட்டது, ஆனால் நோய் அப்படியே இருக்கிறது. அட்டாமிக் என்றால் அவசரத்துக்கு ஒதுக்கிய கையிருப்பிலிருந்து எடுக்கலாம் என்று அர்த்தம். இன்டரப்ட்டில் ஓடும் நெட்வொர்க் டிரைவர் மாதிரி காத்திருக்க முடியாதவர்களுக்காக வைத்தது அது. பிறகு தேவைப்பட்டாலும் படலாம் என்கிற பக்கத்து பேஜுக்கு அதைச் செலவழிப்பதா? இதைக் கேட்டதற்கு, சோதனையில் பிரச்சினை எதுவும் வரவில்லை என்று ஒரே வரியில் பதில். கொஞ்சம் கோபம் வந்தது உண்மை. சரி என்று, கர்னலில் ஏற்கெனவே இருக்கும் டூ_அனானிமஸ்_பேஜ் ஃபங்ஷனைக் காட்டினேன். வழி அங்கேயே இருக்கிறது: லாக் பிடிக்கும் முன்பே அலோகேட் செய், பிறகு லாக்கைப் பிடி, பிடிஇ மாறாமல் இருக்கிறதா என்று மறுபடி பார், மாறியிருந்தால் கையில் இருப்பதை விடுவித்துவிட்டு வெளியே வா.

மூன்றாம் பதிப்பு அந்த வடிவத்தில்தான் வந்தது. டிஃப்பை (மாறிய வரிகளின் பட்டியல்) பார்த்தால் அழகாக இருந்தது. வினையே அங்கேதான். டிஃப் காட்டும் வரிகளை மட்டும் படித்தால் இந்த வேலை உருப்படாது. ஒவ்வொரு கோட்டோவையும் (வேறு வரிக்குத் தாவும் கட்டளை) பிடித்துக்கொண்டு அது இறங்கும் லேபிள் வரை போக வேண்டும். முழு ஃபங்ஷனையும் எடிட்டரில் திறந்து, எடுத்த பேஜ் ஒவ்வொன்றும் எல்லா வழியிலும் எங்கே போகிறது என்று பேப்பரில் எழுதிப் பார்த்தேன். பிடிஇ மாறியிருந்தால் கோட்டோ அன்லாக். அந்த லேபிளில் லாக்கை விடுவதோடு சரி. முன்கூட்டி எடுத்த பேஜ்கள்? யாரும் விடுவிக்கவில்லை. ஒரு புரோகிராமில் இணையாக ஓடும் இரண்டு த்ரெட் ஒரே முகவரியை ஒரே நேரத்தில் தொட்டால் தோற்கிற த்ரெட்டின் பேஜ்கள் அத்தனையும் காணாமல் போகும்.

அது நடைமுறையில் வராது என்று பதில் எழுதினார். மெமரி கோடில் இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு டர்ட்டி கவ் என்ற பாதுகாப்பு ஓட்டை ஞாபகம் வந்துவிடும். 2007-இல் வெளிவந்த 2.6.22 முதல் கர்னலில் இருந்த ஓட்டை அது, அடைத்தது 2016 அக்டோபரில். அதைவிட வேடிக்கை, அதன் மூலப் பிழையை லினஸே 2005-இல் சரிசெய்யப் பார்த்தார். ஐபிஎம்மின் எஸ்390 கணினிகளில் சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தத்தைத் திரும்ப எடுத்தார்கள். அன்றைக்கு ஏட்டளவில் மட்டும் இருந்த ரேஸ் (யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து வரும் பிழை), கர்னல் வளர வளர எளிதில் நடக்கக்கூடியதாகிவிட்டது என்று 2016 திருத்தத்தில் அவரே எழுதியிருக்கிறார். இங்கே கேட்கவே வேண்டாம். ஒரே இடத்தை இரண்டு த்ரெட் தொடுவது அன்றாடம் நடப்பது.

தோல்வி வழிகளைச் சோதித்தீர்களா என்றும் கேட்டிருந்தேன். ஃபால்ட் இன்ஜெக்‌ஷனை (அலோகேஷனை வேண்டுமென்றே தோற்கடிக்கும் சோதனை) ராத்திரி முழுக்க ஓட்டினோம், சுத்தம் என்றார். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே ஓட்டியிருக்கிறார். ஆனால் அதில் பேஜ் அலோகேஷனுக்கான ஃபெயில்_பேஜ்_அலாக்கின் டிஃபால்ட்டுகளை யாரும் படிப்பதில்லை. இக்னோர்-ஜிஎஃப்பி-வெய்ட் தொடக்கத்திலேயே ஒய் (ஆம்), அதாவது தூங்கக்கூடிய அலோகேஷனை அது தொடாது. இக்னோர்-ஜிஎஃப்பி-ஹைமெம்மும் ஒய், யூசர் பேஜ்கள் அதில் தப்பிவிடும். மின்-ஆர்டர் 1 (ஒற்றைப் பேஜ் என்றால் ஆர்டர் 0), ஆகவே ஒற்றைப் பேஜ் கேட்டால் தோற்கடிக்கவே மாட்டேன் என்கிறது. இவருடைய அலோகேஷன் தூங்கக்கூடியது, யூசர் பேஜ், ஒற்றைப் பேஜ். மூன்று கதவிலும் தப்பித்திருக்கிறது. ராத்திரி முழுக்க ஓடிய சோதனை இவர் எழுதிய வரியை ஒருமுறைகூடத் தோற்கடிக்கவில்லை. கர்னலின் டீபக் அமைப்புகள் இருக்கும் டீபக்எஃப்எஸ்ஸில் முதல் இரண்டையும் ‘என்’ (இல்லை) ஆக்கி, மின்-ஆர்டரை 0 ஆக்கிவிட்டு ஓட்டுங்கள். கூடவே டாஸ்க்-ஃபில்டரையும் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் ஷெல்லே முதலில் விழும்.

இந்தச் சோதனை கையில் இருந்தாலும் ரேஸில் தோற்கும் வழியைத் தனியாகத்தான் பிடிக்க வேண்டும். கர்னலின் மெமரிக் கசிவைப் பிடிக்கும் கேமெம்லீக் இங்கே கைகொடுக்காது. கேமலாக் மாதிரி ஃபங்ஷன்கள் மூலம் வருவதைத்தான் அது கண்காணிக்கும், நேராக எடுக்கும் பேஜ்களை அல்ல. நான் செய்தது எளிய வேலை. பல த்ரெட்கள் ஒரே பகுதியைத் தொட வேண்டியது, எம்அட்வைஸில் டோன்ட்நீட் (இது இனி வேண்டாம்) கொடுத்து உதற வேண்டியது, மறுபடி தொட வேண்டியது. இந்தச் சிறு புரோகிராமைத் தனி சிகுரூப்பில் (மெமரியைத் தனியாகக் கணக்கிடும் பிராசஸ் குழு) போட்டு ஓட்டினேன். முடிந்த பிறகு அந்தக் குரூப்பின் மெமரி.கரன்ட்டைப் பார்த்தேன். உள்ளே ஒரு பிராசஸும் இல்லை, எண் மட்டும் ஓட்டத்துக்கு ஓட்டம் ஏறிக்கொண்டே போனது. எந்தப் பேஜை யார் எடுத்தார் என்று பதியும் பேஜ்_ஓனரை ஆன் செய்து மறுபடி பூட் செய்தேன். யார் எடுத்த பேஜ்கள் இவை என்று கேட்டதற்கு அந்த ஃபங்ஷன் பெயரே கொத்துக் கொத்தாக வந்து விழுந்தது. அந்த ஸ்டாக் ட்ரேஸை அப்படியே ஒட்டி அனுப்பினேன். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன். நடைமுறையில் வராது என்ற பேச்சு அதோடு நின்றது.

இன்னொன்றைச் சோதனையால் பிடித்திருக்கவே முடியாது, படித்துத்தான் பிடிக்க வேண்டும். பூஜ்யத்தால் நிரப்பியதும் ஃபோலியோவை அப்டுடேட் என்று குறிக்கும் அழைப்பு ஒன்று உண்டு. அதற்குள் ஒரு மெமரி பேரியர் இருக்கிறது. பேஜில் எழுதியது மற்ற சிபியுக்களுக்குத் தெரிந்த பிறகே பிடிஇ தெரிய வேண்டும் என்பதை உறுதிசெய்வது அதுதான். பக்கத்து பேஜ்களுக்கு அதைத் தேவையில்லாத வேலை என்று நினைத்து விட்டுவிட்டார். எக்ஸ்86-இல் எழுத்துகள் வரிசை மாறாமலே வெளியே தெரியும் என்பதால் எத்தனை நாள் ஓட்டினாலும் ஒன்றும் ஆகாது. ஆர்ம்64-இல் அந்த உத்தரவாதம் இல்லை. யாரோ ஒருவருடைய பழைய தரவு இன்னொரு பிராசஸுக்கு ஒரு கணம் தெரியலாம். இதற்கு மட்டும் மறுவாதம் இல்லாமல் சரிசெய்தார்.

நான்காவது பேட்ச்சில் பெரிதாக ஒன்றுமில்லை, ஓர் இன்ட் தவிர. பேஜ் எண்ணிக்கையை இன்ட்டில் (32 பிட் முழு எண்) வைத்து பேஜ்_ஷிஃப்ட்டால் நகர்த்தி பைட்டுகளாக்குகிறார். 4 கேபி பேஜில் 5,24,288 பேஜ், அதாவது 2 ஜிபி வந்தால் நிரம்பி வழியும். 64 கேபி பேஜில் 32,768-லேயே வழிந்துவிடும். அன்சைன்ட் லாங் ஆக்கச் சொன்னேன். அடுத்த விஷயம்.

நான்காம் பதிப்பில் இன்னொரு எரிச்சல். நான் ரிவ்யூட்-பை கொடுத்தது முதல் இரண்டுக்கு. வந்த மடலில் ஐந்திலும் என் பெயர். கெட்ட எண்ணம் இருந்திருக்காது, ஏதோ ஸ்கிரிப்ட் செய்த வேலையாக இருக்கலாம். ஆனால் நாளைக்கு அந்தக் கோடு உடைந்தால் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். பேட்ச் கணிசமாக மாறினால் பழைய ரிவ்யூட்-பையை எடுத்துவிட வேண்டும், எடுத்ததை மாற்றக் குறிப்பில் சொல்ல வேண்டும் என்று கர்னல் ஆவணத்திலேயே இருக்கிறது. எனவே புதுப் பதிப்பு வந்தால் முதலில் உங்கள் பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். ரிவ்யூ கொடுக்கும்போதும் எந்தெந்தப் பேட்ச்சுக்கு என்று எண் போட்டே எழுதுங்கள். பழைய பதிப்புக்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்பதை அவர் எழுதும் குறிப்பை நம்பி விட்டுவிடாமல் கிட் ரேஞ்ச்-டிஃப் போட்டு நீங்களே பார்த்துவிடுவது நல்லது.

ஐந்தாம் பதிப்பில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. நல் சோதனை, பேரியர், விடுவிக்கும் லேபிள், கூடவே நான் எழுதிய அந்த த்ரெட் புரோகிராம் ஒரு செல்ஃப்டெஸ்ட்டாக. முதல் நான்கு பேட்ச்களும் எம்எம்-அன்ஸ்டேபிளில் ஏறி, பிறகு அடுத்த கட்டமான எம்எம்-ஸ்டேபிளுக்கும் போய்விட்டன.

வெளியே நிற்பது ஐந்தாவது பேட்ச். அக்கம்பக்கத்தில் எத்தனை பேஜ் மாட்ட வேண்டும் என்று நிர்வாகியே மாற்றிக்கொள்ள சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் அமைப்புகளை வெளியே காட்டும் இடம்) ஒரு ஃபைல். இப்படி ஒன்றை வெளியே கொடுத்துவிட்டால் அதை நம்பி யாராவது ஸ்கிரிப்ட் எழுதிவிடுவார்கள், பிறகு எளிதில் எடுக்க முடியாது. எந்த வேலைக்கு எந்த எண் நல்லது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. வேகம் கூடியது என்று சொல்கிறார், எண்ணும் ஒன்று கொடுத்திருக்கிறார். எந்த மெஷின், எந்த பெஞ்ச்மார்க், எத்தனை ஓட்டம், ஓட்டங்களுக்குள் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன். அந்தப் பதில் வந்த பிறகுதான் அதைத் திறப்பேன்.