சோளகத்தில விழுற மாம்பழத்துக்கு ஒரு வழி

08.06.2024, சனி, ஒட்டுசுட்டான்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிஞ்சும் சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, விட்ட பாடில்லை. ராத்திரி முழுக்க கூரைத் தகரத்தில மாங்காய் விழுற சத்தம். விடிய எழும்பிப் பாத்தா வளவு முழுக்க பழமும் செங்காயுமாக் கிடக்குது, அரைவாசி அடிபட்டு வெடிச்சுப் போச்சு, உதைச் சந்தைக்குக் கொண்டுபோனா ஆரும் தொடமாட்டினம், மாட்டுக்குப் போட்டும் மிச்சம். ஒவ்வொரு வருசமும் இதுதான் நடக்குது, ஆனியில காலுக்குள்ள மிதிபடுற பழம், மார்கழியில பாணுக்குப் பூச கடை ஜாம் வேணுமெண்டு பிள்ளையள் நிக்குங்கள். எனக்கு இது மனசுக்கு ஒப்பேல்ல.

அதாலதான் மாம்பழச் சோஸ் செய்ய எண்டு, லண்டன் சித்தி வரேக்க கொண்டுவந்து தந்த ஸ்லோ குக்கரை, அதுதான் மெல்லிய சூட்டில கனநேரம் வேகவைக்கிற கரண்ட் சட்டியை, வெளியில எடுத்திருக்கிறன். 3.5 லீற்றர் பிடிக்கும், அடியில 200 வாட்ஸ் எண்டு போட்டிருக்கு, அப்ப 10 மணித்தியாலம் ஓடினாலும் 2 யூனிட்தான். லண்டன்ல இருந்து வந்த சாமான் எண்டபடியால் கரண்ட் பிரச்சினை இல்லை, அங்கையும் 230 வோல்ட், இஞ்சையும் 230. கனடாவில இருந்து ஆரும் அனுப்பினா அது சரிவராது, அங்க 120, நேர சொருகினா எரிஞ்சுபோம். எங்கட சுவரில வட்டத் துளை, அதுக்கு ஒரு அடப்டர் மட்டும் வாங்கினது.

09.06.2024, ஞாயிறு

விடியவே தொடங்கியாச்சு. முதல் காம்படியில வடியிற பாலை வடிவாக் கழுவவேணும், இல்லாட்டி வாயோரம் அவிஞ்சுபோகும். நார் மாம்பழம்தான் சோஸுக்கு. கறுத்தக்கொழும்பானைச் சட்டியில போடுறது பாவம், அதை அப்பிடியே கடிச்சுச் சாப்பிடவேணும்.

தோலும் அடிபட்ட கறுப்பும் வெட்டி எறிஞ்சு 2 கிலோ சதை, அதில மூண்டில ஒரு பங்கு செங்காய். பழுக்கப் பழுக்க பெக்டின், அதுதான் பழச்சாறை இறுக வைக்கிற சத்து, குறைஞ்சுகொண்டு போகும், செங்காயில அது கூட நிக்குது, சோஸ் தானா இறுகும். கால் கிலோ சீனி, ரெண்டு தேசிக்காய்ப் புளி, ஒரு துண்டு கறுவா, இஞ்சி கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகை. தண்ணி ஒரு சொட்டும் விடப்படாது, பழத்தில இருக்கிற தண்ணியே காணும். மூடிப்போட்டு லோவில, அதாவது குறைஞ்ச சூட்டில, 6 மணித்தியாலம். சூடு சுத்திவர பக்கத்தால வாறபடியால் அடிப்பிடிக்காது, நான் தையல் மெசினில இருக்க அது தன்பாட்டில வேகுது, குசினி முழுக்க கறுவா வாசம்.

பின்னேரம் கறுவாவை எடுத்துப்போட்டு அகப்பையால மசிச்சு அரிதட்டில விட்டுத் தேய்ச்சா நார் முழுக்க மேல நிண்டுடும். ஆனா வாறது தண்ணிச்சாறு மாதிரித்தான் இருக்கும், ஏனெண்டா மூடி இறுக்கிக் கிடக்க ஆவி வெளியில போறேல்ல, மேல முட்டித் திரும்பச் சட்டிக்குள்ளயே விழுது. இதிலதான் முழு விசயமும் இருக்கு. திரும்ப ஊத்தி ஹைய்யில, அதாவது கூடின சூட்டில விட்டு, மூடிக்குக் கீழ ரெண்டு அகப்பைக் காம்பைக் குறுக்கால வைச்சு இடைவெளி விடவேணும். மூண்டு மணித்தியாலத்தில இளமஞ்சள் போய் நல்ல தேன் நிறத்துக்கு வந்துட்டுது.

பதம் பாக்கிறதுக்கு சின்னப் பீங்கானில ஒரு கரண்டி விட்டு ஒரு நிமிசம் பொறுத்தா, ஓரத்தில தண்ணி பிரிஞ்சு வளையமா நிண்டா இன்னும் வத்தவேணும். விரலால நடுவில கோடு இழுக்க அந்தக் கோடு மூடாமல் நிக்கவேணும், அதுதான் பதம்.

12.06.2024, புதன்

அடுத்த சட்டி ஏத்தி மத்தியானம் கரண்ட் நிண்டுட்டுது, காத்துக்கு எங்கயோ கொப்பு முறிஞ்சு கம்பியில விழுந்திருக்குமாக்கும். கொஞ்ச நேரமெண்டா மூடியைத் திறக்காமல் விட்டாச் சூடு நிக்கும். ஆனா ஒரு மணித்தியாலம் தாண்டியும் வரேல்ல எண்டா பாத்துக்கொண்டு இருக்கக்கூடாது, 60 பாகை செல்சியசுக்குக் கீழ இளஞ்சூட்டில கிடக்கிற சாப்பாட்டிலதான் கிருமி பெருகும். தாச்சியில ஊத்தி விறகடுப்பில வைச்சன். குக்கரின்ர பீங்கான் சட்டியை நெருப்பில வைக்கவே கூடாது, வெடிச்சுப்போம், சூட்டோட பச்சைத்தண்ணி ஊத்திக் கழுவவும் கூடாது.

அம்மா வந்து பாத்துட்டு, "பிள்ளை, கொள்ளியை இழு, உதென்ன களி கிண்டுற நெருப்போ" எண்டவ. அவ சொன்னபடி தணல்ல விட்டுக் கிண்டிக் கிண்டி எடுத்தம். சோஸ் வந்தது, ஆனா கையும் விட்டுப்போச்சு.

15.06.2024, சனி

போத்தல் அடைக்கிற நாள். புதுக்குடியிருப்பில வாங்கின கண்ணாடிப் போத்தலுகளை பெரிய பானையில 10 நிமிசம் கொதிக்க விட்டு, சூட்டோட சோஸையும் சூட்டோட ஊத்தினது. இந்தக் கொதிக்க வைக்கிற வேலையை ஸ்லோ குக்கரில செய்யாதேங்கோ, அது அந்தளவுக்குக் கெதியாச் சூடாகாது. அதோட இது ஜாம் இல்லை. ஜாம்ல நூத்துக்கு 60 பங்குக்கு மேல சீனி நிக்கும், அதுதான் அதைக் காக்கிறது. எங்கட சீனி குறைஞ்ச சோஸ் பிரிஜ்ஜிலதான் இருக்கவேணும், மார்கழி வரைக்கும் வேணுமெண்டா மேல ஒரு அங்குலம் இடம் விட்டு பிளாஸ்டிக் டப்பாவில பிரீசருக்குள்ள வைச்சுடுங்கோ.

18.06.2024, செவ்வாய்

சின்னவன் காலமை புட்டுக்கு சோஸ் விட்டுச் சாப்பிட்டவன், சம்பலைத் திரும்பிப் பாக்கேல்ல. சுட்ட ரொட்டிக்கு இன்னும் நல்லாயிருக்கு. இவருக்குச் செத்தல் மிளகாய்த்தூள் கொஞ்சம் போட்டுக் குடுத்தன், பொரிச்ச மீனுக்குத் தொட்டுச் சாப்பிட்டார்.

பக்கத்து வீட்டு மாமிக்கு ஒரு போத்தல் குடுக்க, அவ காட்டுப் பாலைப்பழம் ஒரு பை நிறையத் தந்தவ. இதையும் சட்டியில போடுவமோ எண்டு கேட்டன், பிள்ளையள் விடேல்ல, உதடு முழுக்கப் பால் ஒட்டினாலும் பரவாயில்லை எண்டு இருந்த இருப்பிலயே முடிச்சுட்டுதுகள். தேங்காயெண்ணெய் போட்டுத்தான் துடைச்சுவிட்டது.

அடுத்தது பப்பாப்பழம், கிணத்தடி மரத்தில மூண்டு செங்காயா நிக்குது. அதில புளிப்பு இல்லாதபடியால் தேசிக்காய் இரட்டிப்பா விடவேணும். எங்கட வீட்டில தேசிக்காய் முடிஞ்சுது, மாமியிட்ட நாளைக்குக் கேட்டுப் பாக்கவேணும்.