அப்பாவின் பெயரோடு ஒன்பது வாரங்கள்

புதன்கிழமைகளில்தான் புதியவர்கள் வந்து சேர்வார்கள். 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்படியொரு புதன்கிழமை, யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரில் உள்ள ஊழியப் பயிற்சி மையத்தின் நடைபாதையோரம் அப்பா காரை நிறுத்தியபோது, எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுக் கார்கள் காத்திருந்தன. பெட்டிகளை இறக்க வேண்டும், கட்டிக்கொள்ள வேண்டும், கார் நகர வேண்டும். விடைபெறுவதற்கு அவ்வளவுதான் நேரம். பெண்ணை மறுவீட்டுக்கு அனுப்புகிற மாதிரி அழுவதற்குத் தயாராக வந்திருந்த அம்மா, கைப்பையில் கைக்குட்டையைத் தேடி எடுப்பதற்குள், யாரோ ஒரு சகோதரி என் பெட்டிகளில் ஒன்றை உருட்டிக்கொண்டு பாதி தூரம் போய்விட்டாள்.

உலகம் எங்களை ‘மார்மன்கள்’ என்று அழைக்கிறது. சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை; 2018 முதல் அந்த முழுப்பெயரையே சொல்லுமாறு அப்போதைய சபைத் தலைவர் ரசல் நெல்சன் வலியுறுத்தி வந்ததால், பழைய பெயரை இங்கே ஒரு முறை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். ஊழியம் என்பது அனுப்பிய இடத்துக்குப் போய்ச் சபையின் செய்தியைப் பிறருக்குச் சொல்வது; எங்களில் இளைஞர்களுக்கு 24 மாதம், இளம்பெண்களுக்கு 18 மாதம். பெண்கள் 21 வயது வரை காத்திருக்க வேண்டும் என்றிருந்த விதியை 2012 அக்டோபரில் 19 ஆகக் குறைத்தார்கள். நான் கிளம்பியபோது எனக்கு 19 முடிந்திருந்தது. சம்பளம் கிடையாது என்பது மட்டுமல்ல, அப்போது மாதம் 400 டாலர் நாமே கட்ட வேண்டியிருந்தது. எந்த நாட்டுக்குப் போகிறோம் என்பதை நாம் தேர்ந்தெடுக்கவும் முடியாது. எனக்கு வந்த அழைப்பில் ஜப்பானின் ஃபுகுவோகா என்றிருந்தது. அம்மா அதை வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்து, “இந்தியாவுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போட்டிருக்கலாம்” என்றார்.

முதல் நாள் கொடுத்த கறுப்புப் பெயர் அட்டையில்தான் என் பிரச்சினை தொடங்கியது. ஊழியத்தில் யாரையும் முதற்பெயரால் அழைப்பதில்லை. ஆண்கள் ‘மூப்பர்’ இன்னார், பெண்கள் ‘சகோதரி’ இன்னார், அதுவும் குடும்பப் பெயர் மட்டும். நமக்கேது குடும்பப் பெயர்? பதினோரு வயதில் அமெரிக்காவுக்கு வந்தபோது, கடவுச்சீட்டில் இருந்த அப்பாவின் பெயரே என் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ஆகவே ஒன்பது வாரப் பயிற்சியிலும் அதன் பின் வந்த மாதங்களிலும் காலை முதல் இரவு வரை என்னை எல்லோரும் அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். திருமணமான நாளிலிருந்து அம்மா ஒரு முறைகூட உச்சரிக்காத பெயர் அது. மருத்துவமனையில் கணவர் பெயரைக் கேட்டால் தாளில் எழுதிக் காட்டுவார். நான் பக்கத்தில் இருந்தால் என்னைச் சொல்லச் சொல்வார். அவருக்கு மரியாதையாக நானும் அதை இங்கே எழுதாமல் விடுகிறேன். ஜப்பானிய மொழியில் லகரம் இல்லாததால் அதிலிருந்த ‘ல’ ஒரு ‘ர’ ஆகிவிட்டது என்பதையும், கடைசி மெய்யெழுத்து ஓர் உகரத்தை வாலாக ஒட்டிக்கொண்டது என்பதையும் மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இணை ஊழியர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது பெரிய விதி. கண்ணுக்கெட்டும் தொலைவில், காதுக்கெட்டும் தொலைவில். என் இணையாக வந்தவள் ஐடஹோ மாநிலத்துப் பெண். காலை ஆறரைக்கு ஒன்றாக எழுந்து, இரவு பத்தரைக்கு ஒன்றாக விளக்கை அணைத்து, இடையில் சாப்பாடு, வகுப்பு, உடற்பயிற்சி, துணி துவைப்பு என எல்லாவற்றிலும் ஒருவர் நிழலில் ஒருவர் நடந்தோம். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. நான் ஒற்றைப் பிள்ளை. முதல் வாரத்தில், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நின்றிருக்கிறேன். அவள் தண்ணீர் குடிக்கும்போது தொண்டையில் எழும் ‘களுக்’ ஓசையைக் கேட்டு எரிச்சலடைந்து, பிறகு அந்த எரிச்சலுக்காக மன்னிப்புக் கேட்டு ஜெபித்ததும் நினைவிருக்கிறது.

வகுப்பு ஒரு வார்த்தை ஆங்கிலமும் இல்லாமல் தொடங்கியது. ஜப்பானில் ஊழியம் முடித்துத் திரும்பிய ஒரு பல்கலைக்கழக மாணவிதான் ஆசிரியை. உள்ளே வந்தார், வணங்கினார், பேசிக்கொண்டே போனார். எங்கள் குழுவினர் அனைவரும் மழைக்கு ஒதுங்கிய கோழிகளைப் போல அசையாமல் உட்கார்ந்திருந்தோம். ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளை இந்த மையத்தில் இப்படித்தான் கற்பிக்கிறார்கள். எதையும் பிழையறக் கற்ற பிறகு பேசலாம் என்று காத்திருக்க விடுவதில்லை. இரண்டு நாள் கழித்து, ஜப்பானிய மூதாட்டியாக நடிக்கப்போகும் ஒருவருக்கு, எங்களிடம் இருக்கும் சொற்களைக் கொண்டே தேவனைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார்கள்.

அன்று மாலை இலக்கணத் தாளைப் பிரித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ‘ஹோன்’ என்றால் புத்தகம். ‘ஹோன் ஓ’ என்றால் புத்தகத்தை. ‘நி’ என்பது நம் ‘கு’. ‘காரா’ என்பது ‘இலிருந்து’. ‘மோ’ என்பது ‘உம்’. வாக்கியத்தின் கடைசியில் ‘கா’ சேர்த்தால் கேள்வி, நாம் ‘ஆ’ சேர்ப்பதைப் போலவே. வினை எப்போதும் கடைசியில்தான் வரும். என் இணை வாக்கியத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் படிப்பவளைப் போலத் திணறிக்கொண்டிருக்க, நான் தமிழில் நினைத்து, இருந்த இடத்திலேயே சொற்களை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் சிகரமாக, ஊழியக்காரர்கள் நாள்தோறும் சொல்ல வேண்டிய அந்த வாக்கியம்: ‘மொருமொன் ஷோ ஓ யோந்தே மிதே குதசாய்’. ‘யோந்தே’ என்றால் படித்து. ‘மிரு’ என்றால் பார். மார்மன் புத்தகத்தை (எங்கள் சபையின் வேதநூல்) படித்துப் பாருங்கள். ‘முயன்று செய்’ என்ற பொருளுக்குப் ‘பார்’ என்ற வினையை ஏன் சேர்க்க வேண்டும் என்று அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் விளக்கம் எதுவும் இல்லை. செய்து பார், தின்று பார், கேட்டுப் பார் என்று பிறந்ததிலிருந்து சொல்லி வந்த ஒருத்திக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றியதில்லை.

தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று மொழியறிஞர் சுசுமு ஓனோ பல்லாண்டுகள் வாதிட்டதும், பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்காததும் பலருக்குத் தெரிந்திருக்கும். அமைப்பு ஒத்திருப்பதால் மட்டும் உறவு நிறுவப்பட்டுவிடாது என்பதே என் எண்ணமும். இருந்தாலும் அந்த முதல் இரண்டு நாட்கள் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

கனம் மூன்றாம் நாள் இறங்கியது. மூதாட்டியாக நடித்தவர் எங்களுக்கு எதிரே அமர்ந்திருந்தார். நான் தங்குதடையின்றிப் பேசி, தேவன் நமக்கு அன்பைக் கொடுக்கிறார் என்ற பொருளில் ‘அகேமசு’ என்று முடித்தேன். அவர் முகம் சுருங்கியது. “யாருக்குக் கொடுக்கிறார்?” என்று ஜப்பானியத்தில் கேட்டார். நமக்கு என்றேன். மறுபடியும் யாருக்கு என்றார். ‘அகேரு’ என்பது நம்மிடமிருந்து விலகி வேறொருவரிடம் போகும் கொடை. நம்மை நோக்கி வருவதற்கு ‘குரேரு’, உயர்ந்தவர் அருளும்போது ‘குதசாரு’. அன்பைத் தேவன் எங்கோ வெளியே விநியோகித்துக்கொண்டிருக்கிறார், இந்த அறையில் இருக்கும் எவருக்கும் அது கிடைக்காது என்கிற தொனியில்தான் என் வாக்கியம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். தமிழ் என்னைக் கைவிட்டுவிட்டது என்று அன்றிரவு நினைத்தேன். உண்மையில் தமிழை நான்தான் சரியாகக் கற்றிருக்கவில்லை: தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் சொல்லியிருப்பதைப் பின்னால்தான் படித்தேன். ‘எனக்குத் தா’, ‘அவனுக்குக் கொடு’. இந்த வேறுபாட்டை நாம் பேச்சில் தொலைத்துவிட்டோம். மலையாளத்தில் இன்னும் இருக்கிறது.

ஜெபம்தான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. தமிழில் ‘நீர்’, ‘உம்முடைய’ என்று பழக்கப்பட்ட நாக்கு எனக்கு. ‘தென் நோ ஓதோசாமா’, பரலோகத் தகப்பனே, என்று தொடங்கிய பிறகு கையில் முப்பது சொற்களே இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை நன்றி சொல்வதற்கானவை. சாப்பாட்டுக்கு நன்றி, ஆசிரியைக்கு நன்றி, இன்றைக்கு நன்றி. வீட்டு நினைவு வாட்டுகிறது, இதை விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று கேட்பதற்கு இலக்கணம் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு, கட்டிலருகே மண்டியிட்டிருந்தபோது என் இணை, இலக்கணம் சிதறிய ஜப்பானியத்தில், ‘சகோதரியின் அம்மா’ என்று எதையோ சொல்லித் தடுமாறி, சற்று நிறுத்தி, ‘சகோதரியின் அம்மா, தயவுசெய்து’ என்று மட்டும் சொல்லி முடித்தாள். அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்கும் ஓசை அவ்வளவாகக் காதில் விழவில்லை.

ஆல்மா டெய்லர் என்பவரைப் பற்றி வகுப்பில் சொன்னார்கள். 1901 ஆகஸ்டில் சபையின் அப்போஸ்தலர் ஹீபர் கிராண்ட்டோடு ஜப்பானின் யோகோகாமாவில் இறங்கிய முதல் ஊழியர் குழுவில் ஒருவர். அவருக்கும் அப்போது 19 வயது. பயிற்சி மையம், இலக்கணத் தாள், நடிக்கும் மூதாட்டி எதுவும் இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே தங்கி, மார்மன் புத்தகத்தை ஜப்பானியத்தில் மொழிபெயர்த்து 1909-இல் வெளியிட்டார். அவர் எத்தனை முறை ‘அகேமசு’ என்று தவறாகச் சொல்லியிருப்பார் என்று கணக்கிட்டுப் பார்ப்பது எனக்கு ஓர் ஆறுதலாக இருந்தது.

வாரத்தில் ஒரு நாள் ஆயத்த நாள். துணி துவைப்பது, எதிரே இருந்த ஆலயத்துக்குப் போவது (1972-இல் அர்ப்பணிக்கப்பட்ட அந்த ஆலயத்தை 2024-இல் மறுகட்டுமானத்துக்காக மூடிவிட்டார்கள்), வீட்டோடு பேசுவது. கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே வீட்டுக்குப் பேசலாம் என்றிருந்த விதியைத் தளர்த்தி, வாரந்தோறும் பேசலாம் என்று 2019 பிப்ரவரியில்தான் அறிவித்திருந்தார்கள். முதல் அழைப்பில் திரையை நிறைத்துக்கொண்டு அம்மாவின் நெற்றி மட்டுமே தெரிந்தது. சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் முடிந்த பிறகு, “அங்கே உன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள்?” என்று கேட்டார்.

ஜப்பானிய உச்சரிப்பில், ரகரமும் உகர வாலுமாகச் சொன்னேன். அம்மாவுக்கு அது என்னவென்று புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். இது அவர் பெயர் இல்லை, வேறு ஏதோ ஓர் ஊர்ச் சொல் என்பதுபோல எழுத்தெழுத்தாக யோசித்துவிட்டு, மெதுவாக, என்னைப் போலவே, அதே ரகரத்தோடு ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக இன்னொரு முறை.

உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: “என்னையா கூப்பிட்டாய்?”